சின்னப் பாய்ப் படகுக்குள் ஒரு குசினி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உட்துறைமுகத்தில் நிற்கும் என் 24 அடி பாய்ப் படகின் கேபினுக்குள் ஒரு சின்னக் குசினி இருக்கிறது. ஒற்றை அடுப்பு, கிண்ணம் அளவில் ஒரு சிங்க், ஒரு வெட்டுப்பலகை, மூன்று லீற்றர் பிரஷர் குக்கர், அவ்வளவுதான். அதைப் பார்த்தவர்கள் கேட்டவற்றையும், தங்கள் படகில் வேலை தொடங்கிய பிறகு தொலைபேசியில் கேட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். 20 முதல் 27 அடி வரை நீளமுள்ள, உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாத படகுகளை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

இவ்வளவு சின்னப் படகுக்குக் குசினி தேவையா? பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோனால் போதாதா?

காலையில் போய்ப் பகலில் திரும்புகிறவருக்குப் போதும். உண்மையாகவே போதும், அப்படிப்பட்டவர் பலகையை வெட்டிக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

ஆனால் நம்முடைய கடலில் பகலில் திரும்புவது எப்போதும் நம் கையில் இல்லை. மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று தரையிலிருந்து வீசும். காலையில் நிலாவெளிப் பக்கம் சுகமாக ஓடிப் போய்விடலாம். பின்னேரம் திரும்பும்போது அதே காற்று முகத்துக்கு நேரே நிற்கும். பாயைச் சுருக்கி, காற்றுக்கு எதிரே இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஓடிக் களைப்பதை விட, கரையோரமாக நங்கூரத்தைப் போட்டுக் காற்று தணியும் வரை காத்திருப்பதுதான் நல்லது. அந்த நாலைந்து மணி நேரத்தில் சூடாக ஏதாவது வயிற்றுக்குள் போனால் ஆள் தெளிவாக இருப்பார். பசியோடும் களைப்போடும் இருக்கிறவர் நங்கூரக் கயிற்றைக்கூடப் பிழையாகக் கட்டுவார். குசினியை நான் பாதுகாப்புச் சாமானாகத்தான் பார்க்கிறேன்.

கேபினில் எந்த இடத்தில் வைப்பது?

இறங்கும் வாசலுக்குப் பக்கத்தில், இடமோ வலமோ. படகின் ஆட்டம் அணியத்தில், அதாவது முன்முனையில்தான் அதிகம். நடுவுக்கும் பின்பக்கத்துக்கும் வரவரக் குறையும். வாசலருகே என்றால் புகையும் நீராவியும் உடனே வெளியே போகும். சுக்கான் பிடிக்கிறவருக்குக் கோப்பையை எட்டிக் கொடுக்கலாம். ஏதாவது தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் தாண்டிப் போகவும் வழி வேண்டுமே என்று சிலர் கேட்கிறார்கள். சரியான கேள்வி. அதனால்தான் அடுப்பை வாசல் படியை ஒட்டி வைக்காமல் ஒரு முழம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். அணியத்துக் கூரை மூடியும் உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

பற்றரி எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் குசினி போகட்டும். இந்த அளவுப் படகில் 30 கிலோ ஒரு பக்கம் சேர்ந்தாலே நிற்கும்போது சாய்வு கண்ணுக்குத் தெரியும்.

நிரந்தரமாகக் கட்டுவதா, கழற்றி எடுக்கக்கூடிய பெட்டியாகச் செய்வதா?

பெட்டி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நிரந்தரமாகக் கட்டிய அலுமாரிக்குப் பின்னால் படகின் பக்கச் சுவர் மறைந்துபோகும். அங்கே ஈரம் நின்றாலும், தளத்தில் பூட்டிய போல்ட் வழியாக மழைத்தண்ணீர் கசிந்தாலும் தெரியாது. பெட்டியாக இருந்தால் நாலு போல்ட்டைக் கழற்றி வெளியே தூக்கி வைத்துவிட்டு முழுவதும் கழுவலாம். மாரிக்கு வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம். பிழையாகச் செய்தாலும் பெட்டிதான் பிழை. படகுக்கு ஒன்றும் ஆகாது.

என் பெட்டி 75 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 32 உயரம். ஒரு பக்கப் படுக்கையின் பின்முனையில் அமர்ந்திருக்கிறது. படுக்கை தரையிலிருந்து 40 சென்ரிமீற்றர். எதிர்ப் படுக்கையில் இருந்துகொண்டு சமைக்கிறவருக்கு பெட்டியின் மேற்பலகை நெஞ்சுக்குக் கீழே, சாப்பாட்டு மேசை உயரத்தை விடக் கொஞ்சம் கூடுதலாக வரும். அடுப்பைப் பெட்டிக்குள் இறக்கிப் பதித்திருப்பதால் சட்டியின் அடிப்பகுதி மேற்பலகை மட்டத்தில் நிற்கும். இது முக்கியம். அடுப்பைப் பலகைமேல் தூக்கி வைத்தால் கொதிக்கும் சட்டி முகத்துக்கு நேரே வந்துவிடும்.

பலகை வெட்ட முதல் வாசலை அளந்துகொள்ளுங்கள். பெட்டி உள்ளே போகுமா என்று கடதாசி மட்டையில் ஒரு மாதிரி செய்து இறக்கிப் பாருங்கள். மட்டைப் பெட்டியை அடுத்த நாள் வரை கேபினுக்குள் விட்டு, படுத்து, எழும்பி, பாய்ப் பையை இழுத்துப் பார்த்தால் முழங்கை எங்கே இடிக்கிறது என்று விளங்கும். எனக்கு இந்த வேலை செய்து தந்த ஓடாவி மீன்பிடி வள்ளங்கள் கட்டிப் பழகியவர். அவர் பலகையைத் தொடுவதற்கு முன் என்னிடம் சொன்னது இதுதான்: "தம்பி, வீட்டுச் சாமான் நிக்கிறதுக்குச் செய்யிறது. இது சாய்ஞ்சு கிடக்கவும் செய்ய வேணும்." அவர் வைத்த கதவுகள் எல்லாம் மேலிருந்து திறக்கும் மூடிகள். பக்கக் கதவு ஒன்றுகூட இல்லை. சாயும்போது எதுவும் திறந்து விழாது.

மேற்பலகையைச் சுற்றி 4 முதல் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஒரு விளிம்புச் சட்டம் வேண்டும். மூலைகளில் மட்டும் சட்டத்தை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி விடுங்கள். துடைக்கும்போது தூசியும் தண்ணீரும் அந்த வழியாக வரும்.

எந்த அடுப்பு நல்லது?

மூன்று வகை பற்றிச் சொல்கிறேன். மூன்றிலும் குறை இருக்கிறது.

மண்ணெண்ணெய்ப் பம்ப் அடுப்பு. எரிபொருள் கசிந்தாலும் காஸ் போல வெடிக்காது, சூடு நல்லது, பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். நான் முதல் மூன்று வருடம் இதைத்தான் வைத்திருந்தேன். பர்னரின் அடியில் உள்ள சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, பர்னர் நன்றாகச் சூடான பிறகே பம்ப் அடிக்க வேண்டும். ஒரு நாள் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் நிற்கையில் அவசரப்பட்டேன். பர்னர் சூடாகவில்லை. எண்ணெய் ஆவியாகாமல் எண்ணெயாகவே பீறிட்டு வந்தது. மஞ்சள் நெருப்பு கேபின் கூரையைத் தொட்டு, வெள்ளைப் பூச்சில் தட்டு அளவுக்குக் கருப்பு விழுந்தது. பம்ப் அடித்த காற்றை வெளியே விடும் திருகைத் திறந்ததும் அடங்கிவிட்டது. கை அந்தத் திருகைத் தானாகத் தேடிப் போகும் அளவுக்குப் பழகியிருந்ததால்தான் அடங்கியது. பழக்கமில்லாத ஒருவர் கையில் இந்த அடுப்பைக் கொடுக்க எனக்கு இப்போதும் மனமில்லை.

ஸ்பிரிட் அடுப்பு. பம்ப் இல்லாத, பஞ்சு போன்ற பொருளில் ஸ்பிரிட்டை உறிஞ்சி வைத்திருக்கும் வகை. எளியது. ஸ்பிரிட் தண்ணீரோடு கலக்கும் என்பதால் தாராளமாகத் தண்ணீர் ஊற்றினால் தீ அணையும். கொஞ்சமாக ஊற்றினால் எரிகிற ஸ்பிரிட்டைப் பரப்பித்தான் விடும். சூடு குறைவு, சோறு வேக நேரம் எடுக்கும். பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஸ்பிரிட் ஊற்றுகிறவர்கள் அப்படித்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஆறின அடுப்பில் மட்டுமே ஊற்ற வேண்டும்.

காஸ். சூடு, சுத்தம், வேகம் எல்லாவற்றிலும் இதுதான் முதல். இப்போது என் படகில் இருப்பதும் இதுதான். ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க 12 முதல் 15 கிராம் காஸ் போதும். ஆகவே கடையில் கிடைக்கும் 2.3 கிலோ சின்னச் சிலிண்டர் எங்கள் மாதிரிப் பாவனைக்கு மாதக்கணக்கில் வரும். ஆனால் இதன் ஆபத்து மற்ற இரண்டையும் விடப் பெரிது. அடுத்த பதிலைக் கட்டாயம் வாசியுங்கள்.

சிலிண்டரைக் கேபினுக்குள் வைக்கலாமா? வீட்டில் உள்ளேதானே வைக்கிறோம்?

வைக்கக் கூடாது. வீட்டில் கசிந்த காஸ் கதவிடுக்கு வழியாக வெளியே போக இடம் உண்டு. படகு தண்ணீர் புகாமல் கட்டிய ஒரு கிண்ணம். காஸ் காற்றை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. அது தண்ணீரைப் போலவே கீழே இறங்கி, தரைப்பலகைக்கு அடியில் உள்ள பள்ளத்தில் தேங்கும். அங்கிருந்து தானாக வெளியேற வழியே இல்லை.

காற்றில் ஏறக்குறைய 2 வீதம் காஸ் கலந்தாலே வெடிக்கும் நிலை வந்துவிடும். தரைக்குக் கீழே அரைக் கன மீற்றர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நிரப்ப 25 கிராம் காஸ் போதும். இரண்டு லீற்றர் தண்ணீர் கொதிக்க வைக்கிற அளவு! பிறகு தண்ணீர் இறைக்கும் மின்பம்பின் ஒரு பொறி போதும்.

அதனால் சிலிண்டர் வெளியே, பின்பக்கக் கம்பி வேலியோடு நிமிர்த்திக் கட்டி, வெயிலுக்கு ஒரு துணி உறை போட்டு நிற்கட்டும். கசிந்தால் காஸ் நேரே கடலுக்கு இறங்க வேண்டும். சுக்கான் பிடிக்கிறவர் இருக்கும் பின்பக்கக் குழிக்குள்ளோ வாசலுக்குள்ளோ வரும் இடத்தில் கட்டக் கூடாது. தளத்தின் கீழ் தனிப் பெட்டி செய்கிறவர்கள், கேபின் பக்கம் காற்றும் புகாதபடி அடைத்து, மேலிருந்து மட்டும் திறக்கும்படி செய்து, அடியிலிருந்து அரை அங்குலக் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே வெளியே விட வேண்டும். ரெகுலேற்றரும் வெளியிலேயே. உள்ளே வரும் ஹோஸ் நடுவில் ஒட்டில்லாமல் ஒரே துண்டாக வர வேண்டும். சுவரைத் துளைத்து வரும் இடத்தில் உராயாமல் ரப்பர் வளையம் போடுங்கள்.

சமைத்து முடிந்ததும் அடுப்புத் திருகை அல்ல, முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். ஹோஸில் மிச்சம் இருப்பது எரிந்து முடிந்து நெருப்பு தானாக அணையும். அதன் பிறகு அடுப்பை மூடுங்கள். எங்கள் படகில் இதை யார் மறந்தாலும் அடுத்தவர் உரக்கக் கேட்போம். கசிவு பார்க்கச் சவர்க்காரத் தண்ணீர்தான். நெருப்புக்குச்சி ஒருபோதும் இல்லை. காஸ் உணரும் அலாரம் ஒன்று வாங்கித் தரைமட்டத்தில் பூட்டுங்கள், கூரையில் அல்ல.

மீன் பிடிக்கப் போகிறவர்கள் வைத்திருக்கும் சின்ன டின் காஸ் அடுப்பு?

கேபினுக்கு வெளியே, நங்கூரத்தில் நிற்கும்போது பரவாயில்லை. உப்புக் காற்றில் அந்த டின் துருப்பிடிக்கும் வேகம் பயங்கரமானது. மிச்ச டின்களை உள்ளே அடுக்கி வைத்தால் சிலிண்டரை உள்ளே வைத்ததும் ஒன்றுதான்.

2022-ல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோமே. சோலர் பனலும் மின்சார அடுப்பும் வைத்தால் என்ன?

அந்த வருடத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி நிறைய வருகிறது. கணக்கைப் பார்ப்போம். நம் ஊர்த் தண்ணீர் 30 பாகையில் இருக்கிறது. ஒரு லீற்றரை 100 பாகைக்குக் கொண்டுவர 81 வாட்-மணி வேண்டும். வீணாவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 100. 12 வோல்ட் பற்றரியிலிருந்து 8 ஆம்பியர்-மணி போகும். 100 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம். ஆக, தேத்தண்ணிக்குச் சரி. சோறு, கறி என்று போனால் இரவில் விளக்குக்கு மிச்சம் இருக்காது. 1500 வாட் இண்டக்ஷன் அடுப்பு 12 வோல்ட்டில் 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சின்ன ஈயப் பற்றரி அதைத் தாங்காது. லித்தியம் பற்றரியும் நல்ல இன்வேட்டரும் வாங்கப் பணம் இருந்தால் முடியும், ஆனால் கேபினில் பாதி இடம் சமையலுக்கே போய்விடும்.

படகு சாய்ந்தாலும் மட்டமாக நிற்கும் ஊஞ்சல் அடுப்பு அவசியமா?

இரவிலும் ஓடிக்கொண்டே சமைக்கிறவருக்கு அவசியம். அச்சு அணியத்திலிருந்து பின்பக்கம் நோக்கிய திசையில் இருக்க வேண்டும், அப்போதுதான் பக்கச் சாய்வுக்கு அடுப்பு ஆடிக்கொடுக்கும். அச்சின் உயரம் சட்டியின் அடிமட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். அதை விட மிக உயரத்தில் இருந்தால் சட்டி மணி நாக்கு மாதிரி வீசி ஆடும். அடியில் பாரமும் வேண்டும், ஒற்றை அடுப்புக்கு அந்தப் பாரம் இல்லாததால் ஈயமோ இரும்போ கட்ட வேண்டி வரும்.

நாங்கள் ஓடும்போது சமைப்பதில்லை. அதனால் அடுப்பு அசையாமல் இருக்கிறது; சட்டியைப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் திருகி இறுக்கும் கம்பிகள் மட்டும் உண்டு. நங்கூரத்தில் நிற்கும்போது அவை எதற்கு என்று நினைக்க வேண்டாம். உட்துறைமுகம் குளம் மாதிரிக் கிடக்கும் ஒரு காலையில், ஏதோ ஒரு படகு வேகமாகக் கடந்து போன அலையில் என் கேத்தல் அடுப்பிலிருந்து எழும்பிப் போனது. கம்பி பூட்டாத நாள். தண்ணீர் தொடையில் கொட்டியது. குறைந்தது 20 நிமிடம் குளிர்ந்த நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பற்பசை, எண்ணெய் எதுவும் பூசக் கூடாது. அன்றைக்குப் படகில் இருந்த குடிநீர் முழுவதும் அதற்கே போனது. அதற்குப் பிறகு ஐந்து லீற்றர் கேன் ஒன்றைத் தனியாக, தொடாமல் வைத்திருக்கிறேன். கேத்தலைப் பாதிக்கு மேல் நிரப்புவதும் இல்லை. கோப்பைகளைச் சிங்குக்குள் வைத்துத்தான் தேத்தண்ணி ஊற்றுவோம், மடியில் வைத்து அல்ல.

தண்ணீருக்கும் சிங்குக்கும் என்ன செய்வது?

10 லீற்றர் கேன் இரண்டு, படுக்கைக்கு அடியில், இயன்ற அளவு தாழ்வாக. அங்கிருந்து ஒரு ஹோஸ், ஒரு கால் பம்ப். மிதித்தால் வரும், விட்டால் நிற்கும். இரண்டு கையும் சும்மா இருக்கும். மின்பம்ப் வைத்தால் தண்ணீர் வீணாகும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு லீற்றர் என்று கணக்கு வையுங்கள், கச்சான் நாட்களில் அதற்கு மேலும் வேண்டும்.

சிங்குக்காகப் படகைத் துளைக்காதீர்கள். ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிண்ணத்தைப் பலகையில் பதித்து, அடியில் ஒரு குழாயும் கேனும் வைத்தால் போதும். நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு ஓட்டை என்றால் அதற்கு ஒரு வால்வு, அதைத் திறக்க மூட ஒரு பழக்கம், படகு சாயும்போது கடல்தண்ணீர் திரும்பிக் கிண்ணத்துக்குள் ஏறும் தொல்லை என்று வரிசையாக வரும். வெளிக்கடலில் கடல்தண்ணீரில் கழுவிக் கடைசியாக நல்ல தண்ணீரில் அலசலாம். துறைமுகத் தண்ணீரில் சாப்பாட்டுக் கோப்பை கழுவ வேண்டாம்.

ஐஸ் பெட்டி?

மீன் கொண்டுபோகும் ரிஜிபோம் பெட்டியே போதும், அதற்கு வெளியே பலகையில் ஒரு உறை. உடைத்த ஐஸை விடக் கட்டி ஐஸ் இரண்டு மடங்கு நேரம் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். உருகிய தண்ணீர் படகின் அடிப்பள்ளத்துக்குள் இறங்காமல் பாருங்கள். மீன் தண்ணீர் அங்கே போனால் அந்த நாற்றம் சீக்கிரம் போகாது.

எந்தப் பலகை, எந்த ஆணி?

9 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட், பி.எஸ். 1088 என்ற பிரித்தானியத் தர முத்திரை உள்ளதாக. முத்திரையை மட்டும் நம்பாமல் ஒரு துண்டை வாங்கிக் கொதிதண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள். படலம் பிரிந்தால் வேண்டாம். வெட்டிய ஓரங்களில் எபொக்சிப் பிசினை மூன்று முறையாவது பூசுங்கள், தண்ணீர் குடிப்பது ஓரம்தான். திருகாணி 316 தர ஸ்டெயின்லெஸ். அடுப்பைச் சுற்றி மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு. தகட்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டால் பலகை கருகாது. வெற்றுப் பெட்டி எல்லாம் சேர்த்து இரண்டு பேர் சுகமாகத் தூக்கும் பாரத்தில் வர வேண்டும்.

தீயணைக்க என்ன வைத்திருக்க வேண்டும்?

ஒரு பவுடர் அணைப்பான், ஒரு தீப்போர்வை. இரண்டும் வாசலருகே, நெருப்புக்கு மேலாகக் கையை நீட்டாமல் எடுக்கும் இடத்தில். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடி அல்லது போர்வையால் மூடுங்கள். படகில் ஆழமாக எண்ணெய் விட்டுப் பொரிப்பதையே விட்டுவிடுங்கள். வடை கரையில் கிடைக்கும்.

மழைக்கு வாசலை அடைத்துக்கொண்டு சமைக்காதீர்கள். காற்று போதாமல் எரியும்போது வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கும் ஒரு அலாரம் உண்டு, வாங்குங்கள். இன்னொன்று, ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நீராவி வரும். மெத்தை ஏன் ஈரமாகிறது என்று கேட்கிறவர்களுக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

கரப்பானும் பூஞ்சையும்?

கடைச் சாமான் வந்த கடதாசி மட்டைப் பெட்டிகளைப் படகில் ஏற்றாதீர்கள். கரப்பான் முட்டை அதில்தான் வரும். அரிசி, சீனி, பருப்பு எல்லாம் திருகுமூடிப் போத்தலில். ஒக்டோபர் கடைசியில், வாடை மழை தொடங்க முதல், நாலு போல்ட்டையும் கழற்றிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சிலிண்டரையும் இறக்கிவிடுங்கள்.

எல்லாம் பூட்டி முடித்தாயிற்று. முதலில் எதைச் சமைத்துப் பார்க்கலாம்?

முதல் நாள் இறங்குதுறையில் கட்டியபடி ஒரு பிளேன்டி. அடுத்தது நங்கூரத்தில், குக்கரில் பருப்பும் சோறும். மூடி பூட்டியிருப்பதால் கவிழ்ந்தாலும் கொட்டாது, எரிபொருளும் மிச்சம். நாட்டரிசி என்றால் முன்கூட்டியே ஊறவையுங்கள். மூன்றாவது தடவைதான் கொட்டியாரக் குடாவுக்குப் போய் மீன் குழம்பு. அன்றைக்குச் சட்டி அடிப்பிடித்தால் அதைப் படகிலேயே, கேன் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். இரண்டு கேன் போதுமா, மூன்றாவது வேண்டுமா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.